பசியை வரையலாமா? – வங்காளப் பஞ்சத்து ஓவியர்கள் பற்றி

#1 – வரைகோல்

எல்லோருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தைக் கேட்கிறேன்.

2020 ஏப்ரல். ஊரடங்கு போட்டு இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். எங்கள் வீட்டுக்கு எதிரே ரேஷன் கடை. சுண்ணாம்பில் வட்டம் வட்டமாகப் போட்டு, இடைவெளி விட்டு நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு பாட்டியால் நிற்க முடியவில்லை. தன் வட்டத்துக்குள் உரச்சாக்கை நாலாக மடித்து வைத்துவிட்டு, சுவர் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். பாட்டிக்குப் பதிலாகச் சாக்கு வரிசையில் நின்றது. வரிசை நகரும்போதெல்லாம் பின்னால் நின்ற பையன் அதைக் காலால் தள்ளவில்லை. குனிந்து, கையால் எடுத்து, அடுத்த வட்டத்தில் வைத்தான். ஒரு மணி நேரம் இப்படியே நடந்தது.

நான் மாடியில் நின்று வரைந்தேன். வரையும்போது கை நன்றாக ஓடியது. முடித்த பிறகுதான் மனசு அறுத்தது. அவர் பசியோடு காத்திருக்கிறார், நான் மேலே நின்று அவருடைய கழுத்தெலும்பைக் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். கீழே போய் ஒரு டம்ளர் மோர் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அந்த நோட்டைப் பீரோவில் வைத்தது வைத்ததுதான், இன்றுவரை யாரிடமும் காட்டவில்லை.

போன வாரம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "கஷ்டப்படுறவங்களை வரையலாமா மிஸ்? அவங்களுக்குச் சங்கடமா இருக்காதா?" எனக்குப் பதில் வரவில்லை. இதைப் பற்றி யோசித்தவர்கள், படித்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 – ஹூக்ளிக்கரை

டீச்சர், அந்தச் சாக்கு என் கண்ணை விட்டுப் போகவில்லை. பையன் குனிந்ததையும் வரைந்தீர்களா?

வேலை நிமித்தம் கல்கத்தாவில் பதினோரு வருஷம் இருந்தவன் நான். உங்கள் மாணவி கேட்ட கேள்வியை 1943-ல், வங்காளப் பஞ்சத்தின்போது, ஒரு தலைமுறை ஓவியர்கள் தங்களையே கேட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் இப்போது சொல்கிறேன்.

ஜைனுல் ஆபெதின். கிழக்கு வங்கத்துக்காரர், கிஷோர்கஞ்ச் பக்கம், 1914-ல் பிறந்தவர். பிரம்மபுத்திரா ஆற்றை நீர்வண்ணத்தில் வரைந்து 1938-ல் கவர்னரின் தங்கப் பதக்கம் வாங்கியவர். ஆறு, படகு, மேகம், தண்ணீரில் கரைந்த வண்ணம் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான கை அவருடையது. 1943-ல் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். அந்த வருஷம் கிராமங்களிலிருந்து ஜனங்கள் நகரத்துக்கு வந்து நடைபாதையில் விழுந்தார்கள். வீடு வீடாகப் போய் அவர்கள் கேட்டது "ஃபேன் தாவ், மா". ஃபேன் என்றால் வடிகஞ்சி. சோறு கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். வடித்துக் கீழே கொட்டும் கஞ்சியையாவது ஊற்றுங்கள் அம்மா என்றார்கள். அந்தக் குரலை நேரில் கேட்ட ஒரு பெரியவர் எனக்கு வீட்டு உரிமையாளராக இருந்தார். எழுபது வருஷத்துக்கு மேலாகியும் அவர் வீட்டில் கஞ்சியைக் கொட்டமாட்டார்கள்.

ஜைனுல் தெருவில் இறங்கி வரைந்தார். வண்ணம் போய்விட்டது. கறுப்பு மை, ஈரம் அதிகமில்லாத பிரஷ், பொட்டலம் கட்டுவது மாதிரியான மலிவான தாள், அவ்வளவுதான். குப்பைத் தொட்டிப் பக்கத்தில் மனுஷனும் நாயும் காக்கையும் ஒரே தரையில் இருப்பார்கள். செத்துக் கிடக்கும் தாயின் மேல் குழந்தை ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னணி என்று ஒன்றுமே இருக்காது, வெறும் தாள். அந்தக் காய்ந்த பிரஷ் தாளில் உரசி உரசிப் போன இடத்தைப் பார்த்தால் தோல் எலும்பில் ஒட்டியிருப்பது தெரியும். ஆறு வரைந்த அதே கைதான். வரையவேண்டியது மாறியதும் கையே மாறிப்போயிற்று.

#3 – போர்டு பிரஷ்

நான் படித்து வந்த ஓவியன் இல்லை. திண்டுக்கல் பக்கம் இருபத்தாறு வருஷம் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதியவன். நூல் அடித்து, சாக்பீஸில் எழுத்தைப் பிடித்து, எனாமல் போட்டால் பத்து வருஷம் வெயிலுக்கு நிற்கும். பிளக்ஸ் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. இன்றைக்கு ராத்திரி கொடுத்தால் நாளைக் காலையில் இருபது அடியில் முகம் சிரிக்கிறது. எங்களை யார் கூப்பிடுவார்கள்?

மனசு நோகச் சொல்வதாக நினைக்க வேண்டாம் டீச்சரம்மா. ஏழையை வரையலாமா, கூடாதா என்று பேசுகிறோம். வரைகிறவனே ஏழையாக இருந்தால் அவனை யார் பார்க்கிறார்கள்? 2020-ல் ஊருக்கு ஊர் நடுரோட்டில் கொரோனா படம் வரைந்தார்கள், பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் வரைந்தது நானும் என் தங்கச்சி மகனும். கொளுத்துகிற வெயில், தார் ரோடு, முட்டி போட்டு உட்கார முடியாமல் சணல் சாக்கைத் தண்ணீரில் நனைத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வரைந்தோம். பெயின்ட் டப்பா கொடுத்தார்கள். "சேவைதானே" என்று சொல்லிவிட்டார்கள். போட்டோ பேப்பரில் வந்தது. வீட்டில் அரிசி இல்லை.

பஞ்சத்தை வரைந்தார்களே, அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள்? அதையும் சொல்லுங்கள் சார்.

#4 – ஹூக்ளிக்கரை

அண்ணே, கேட்க வேண்டிய கேள்வி. இதற்குப் பதில் சொல்ல சித்தபிரசாத்திடம் போக வேண்டும்.

1915-ல் நைஹாத்தியில் பிறந்தார். முழுப்பெயர் சித்தபிரசாத் பட்டாச்சார்யா. சாதியைக் காட்டுகிறது என்று அந்தப் பின்பெயரை வெட்டி எறிந்துவிட்டார். ஓவியம் அவர் தானாகக் கற்றது. கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சுவரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். அந்த வகையில் அவரும் உங்கள் தொழில்காரர்தான்.

1943 நவம்பரில் வங்கத்தின் மிட்னாபூர் மாவட்டத்துக்குள் போனார். நிறைய தூரம் நடைதான். போன இடமெல்லாம் உட்கார்ந்து பேசினார், வரைந்தார், எழுதிக்கொண்டார். டீச்சர் கவனிக்க வேண்டிய இடம் இது: அவருடைய கோட்டோவியங்கள் பலவற்றில் ஆளின் பெயர், ஊர், அவருக்கு என்ன நேர்ந்தது என்று குறிப்பு இருக்கும். "பசித்த விவசாயி" என்று பொதுவாகப் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவரிடம் இல்லை. பெயர் தெரிய வேண்டுமென்றால் கேட்டிருக்க வேண்டும். கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தப் பயணத்தை 'பசித்த வங்காளம்' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் சிறு புத்தகமாகப் போட்டார்கள். பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. ஐயாயிரம் பிரதி என்று சொல்கிறார்கள். குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்த ஒரே பிரதியை வைத்து 2011-ல் தில்லியில் ஒரு கலைக்கூடம் அப்படியே மறுபதிப்பு செய்தது. நான் பார்த்தது அந்த மறுபதிப்பைத்தான்.

இனி உங்கள் கேள்வி. நாற்பதுகளின் கடைசியில் அவர் கட்சியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். அப்புறம் பம்பாய் அந்தேரியில் சின்ன இடத்தில் வாழ்க்கை. நிலையான வருமானம் இல்லை. லினோ என்கிற தரைவிரிப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்தார். பொம்மலாட்டப் பொம்மைகள் செய்து அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஆட்டிக் காட்டினார். வேலைக்குப் போகும் குழந்தைகளை வரிசையாகச் செதுக்கினார். அந்தப் படங்களை 1969-ல் புத்தகமாகப் போட்டது டென்மார்க்கின் யுனிசெஃப் குழு. அவரைப் பற்றிப் படம் எடுத்தவர் செக் நாட்டுக்காரர். இங்கே அவரை நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. 1978-ல் கல்கத்தாவில் இறந்தார். இன்று அவர் படங்களை ஏலத்தில் எடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு மாத வாடகை அவருக்குக் கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை அண்ணே.

#5 – காவிரிக்கால்

நல்ல இழை. ஒரு விஷயம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக வருகிறேன். 1943 பஞ்சம் என்றதும் மழை பொய்த்தது என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். 1942 அக்டோபரில் மிட்னாபூரில் புயல் அடித்தது, பயிர் போனது, அது உண்மை. ஆனால் அந்த ஆண்டு ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. ஜப்பான்காரன் வந்தால் எதுவும் கிடைக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசுக்காரர்கள் கடலோர மாவட்டங்களில் நெல்லை எடுத்துக்கொண்டார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளையும் பிடுங்கினார்கள். படகு இல்லாமல் அந்த ஊரில் மீன் பிடிக்கவும் முடியாது, சந்தைக்குப் போகவும் முடியாது. பதுக்கல் வேறு. 1942 டிசம்பரில் ஒரு மணங்கு அரிசி, அதாவது சுமார் 37 கிலோ, 13, 14 ரூபாய். அடுத்த ஆகஸ்டில் 37 ரூபாய். கூலிக்காரன் கூலி அப்படியே நின்றது. அரசு விசாரணைக் குழு 15 லட்சம் பேர் இறந்ததாகச் சொன்னது. பிறகு ஆராய்ந்தவர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். இத்தனைக்கும் பஞ்சம் என்று சட்டப்படி அறிவிக்கவே இல்லை.

ஓவியர்கள் செய்தது என்ன என்பது இங்கேதான் எனக்குப் புரிகிறது. அரசு அந்த வார்த்தையையே சொல்ல மறுத்தபோது, இவர்கள் சாட்சி வைத்தார்கள். 1943 ஆகஸ்ட் 22 அன்று ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடைபாதைப் பிணங்களின் புகைப்படங்களைப் போட்ட பிறகுதான் தில்லியும் லண்டனும் மூடி மறைக்க முடியாமல் போனது. புகைப்படக்காரர் சுனில் ஜானாவும் அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய் எடுத்தார்.

அப்புறம் நம் ஊர்க் கதை. தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. என் பாட்டி எங்களைச் சோறு சிந்தினால் திட்டும்போது "தாது வருஷத்துல பொறந்திருக்கணும் நீ" என்பார். அவரே பார்த்ததில்லை, அவர் பாட்டி சொல்லிக் கேட்டது. அப்போது சென்னை மாகாணத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி பட்டினிக்காரர்களைப் புகைப்படம் எடுத்தார். எலும்பும் தோலுமான மனிதர்களைக் குடும்பம் குடும்பமாக வரிசைப்படுத்தி, உட்கார வைத்து, நிற்க வைத்து எடுத்தவை. ஒரு படத்துக்கு அவர் வைத்த தலைப்பு 'இலவச நிவாரணத்துக்குத் தகுதியான உருப்படிகள்' என்கிற மாதிரி. படமெடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார் என்று அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகையே அவரைக் கண்டித்தது. இதே ஆள் பின்னால் பர்மாவில் மரண தண்டனை நிறைவேற்றும் கணத்தைப் படமெடுத்து விசாரணைக்கு ஆளானார்.

டீச்சர், உங்கள் மாணவிக்கு ஹூப்பர் படம் ஒன்றையும் சித்தபிரசாத் படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இரண்டிலும் விலா எலும்பு தெரிகிறது. ஒன்றில் பெயர் இருக்கிறது.

#6 – கீழத்தெரு வாசகி

காவிரிக்கால் அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு ஹூப்பர் படங்களைத் தேடிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாமோ என்று தோன்றுகிறது. ஒரு படத்தில் ஒரு பெண் கேமராவை நேராகப் பார்க்கிறாள். எதுவும் கேட்கிற பார்வை இல்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டேன்.

தாது வருஷத்தில் நம் கலைஞர்கள் யாரும் ஒன்றும் செய்யவில்லையா?

#7 – காவிரிக்கால்

செய்தார்கள் தங்கச்சி. மாயூரம் வேதநாயகம் பிள்ளை, நம் முதல் நாவலாசிரியர், முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சத்தில் தன் கைப்பொருளைப் போட்டுக் கஞ்சித் தொட்டி வைத்தார். பஞ்சத்தைத் தீர்க்கச் சொல்லி இறைவனிடம் முறையிடும் கீர்த்தனைகளும் பாடினார். அதைப் பார்த்த கோபாலகிருஷ்ண பாரதியார் "நீயே புருஷ மேரு" என்று அவர்மேல் பாடினார். மனிதர்மேல் எளிதில் பாடாதவர் என்று பெயரெடுத்தவர் பாரதியார். கஞ்சி ஊற்றியவர்மேல் பாடினார்.

இவை தவிர, பெயர் தெரியாத புலவர்கள் பாடிய பஞ்சக் கும்மிகள் உண்டு. தாலியை விற்றதும், கிழங்கு தோண்டித் தின்றதும், கண்டிச் சீமைக்குக் கப்பலேறிப் போனதும் பாட்டாக இருக்கிறது. கைகொட்டிப் பாடும் கும்மி மெட்டில் இந்த விஷயத்தை வைத்திருக்கிறார்கள். பெண்கள் கூடிப் பாடும்போது மறக்காமல் இருக்கத்தான் அந்த மெட்டு என்பது என் எண்ணம்.

#8 – ஆற்காட்டு ஜமா

வணக்கம். என் அப்பா கூத்து வாத்தியார். செய்யாறு பக்கம் ஜமா, அதாவது கூத்துக் குழு, வைத்திருக்கிறார். கலைஞர்களின் கஷ்டம் என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பங்குனியிலிருந்து ஆடி, ஆவணி வரைதான் சம்பாத்தியம். பாரதக் கூத்து, அக்னி வசந்த விழா எல்லாம் அந்த மாதங்களில்தான். 2020-ல் ஊரடங்கு சரியாகப் பங்குனியில் விழுந்தது. வாங்கியிருந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஜமாவில் பதினான்கு பேர். நலவாரிய அட்டை வைத்திருந்தவர்களுக்கு ஏதோ உதவித்தொகை வந்தது. அட்டையைப் புதுப்பிக்காதவர்களுக்கு அதுவும் இல்லை. முகவீணைக்காரர் செங்கல் சூளைக்குப் போனார். திரௌபதி வேஷம் கட்டுபவர் லோடு ஏற்றப் போய்த் தோள் இறங்கி வந்தார்.

அப்பா அந்த ஆறு மாதமும் செய்த ஒரே கூத்து வேலை, வாரத்துக்கு ஒருநாள் கட்டைகளை வெயிலில் காய வைத்ததுதான். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. வேர்வை பட்டுக் காய்ந்து பட்டுக் காய்ந்து இருந்தால்தான் நல்லது. சும்மா மூட்டையில் கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும். வாசலில் பாயை விரித்துத் துரியோதனன் கிரீடத்தை வைத்து, உதிர்ந்த கண்ணாடித் துண்டுகளைக் கோந்து வைத்து ஒட்டுவார். கோழி மிதிக்காமல் நான் காவல்.

மறுபடி ஆட ஆரம்பித்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். துரியோதனன் தர்பார். ராஜா "என் நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்க, கட்டியங்காரன் வழக்கமான பதிலை விட்டுவிட்டு, "மழை பெய்யுது மகாராஜா. தரையில வட்டம் போட்டு ஜனங்களை நிக்க வெச்சிருக்கீங்க. வட்டம் இருக்கு. வட்டத்துக்குள்ள சோறு எப்ப வரும்?" என்றார். வழக்கமாகச் சிரிக்கிற இடம் அது. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்து, கட்டியங்காரன் சட்டையில் பத்து ரூபாய் குத்திவிட்டுப் போய் உட்கார்ந்தார். டீச்சர் அக்கா எழுதிய வட்டத்தைப் படித்ததும் அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

யாரும் அவருக்கு வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. ஊரில் நடப்பதை ராஜாவிடம் கேட்பது கட்டியங்காரனுக்கு உரிமை. கூத்து கொடுத்த உரிமை அது.

#9 – ஹூக்ளிக்கரை

தம்பி, அருமை. வங்கத்திலும் நாடகக்காரர்கள்தான் அதிகம் சாதித்தார்கள் என்பேன். இந்திய மக்கள் நாடக மன்றம், இப்டா என்பார்கள், 1943 மே மாதம் பம்பாயில் தொடங்கியது. 1944-ல் கல்கத்தாவில் பிஜோன் பட்டாச்சார்யா எழுதிய 'நபான்ன' நாடகத்தைப் போட்டார்கள். அவரும் சோம்பு மித்ராவும் சேர்ந்து இயக்கியது. நபான்ன என்றால் புத்தரிசித் திருநாள். ஊரை விட்டு நகரத்துக்கு வந்து சிதறிப்போகும் ஒரு விவசாயக் குடும்பத்தின் கதை. உள்ளே பணக்காரர் வீட்டுக் கல்யாண விருந்து, வெளியே எச்சில் தொட்டியில் நாயோடு மனிதன் போராடுகிறான் என்று ஒரு காட்சி. அதுவரை கல்கத்தா மேடை என்றால் வரைந்த திரை, அரண்மனை, தோட்டம். இவர்கள் பின்னால் வெறும் சாக்குத் துணியைத் தொங்கவிட்டார்கள்.

பாட்டுக் குழுக்களும் வெளி மாநிலங்களுக்குப் போய்ப் பாடி, நிவாரணத்துக்குப் பணமும் துணியும் திரட்டின. "படம் சோறு போடுமா" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். பாட்டு சோறு போட்டிருக்கிறது.

#10 – மரச்செதுக்கு

அச்சோவியம் படித்தவள் நான். ஒருவர் விட்டுப்போய்விட்டார்: சோம்நாத் ஹோர்.

1921-ல் சிட்டகாங்கில் பிறந்தவர். பஞ்சத்தின்போது இருபத்திரண்டு வயசு. சித்தபிரசாத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பசித்தவர்களை நேரில் பார்த்து வரையப் பழக்கினார். 1946 கடைசியில் தேபாகா போராட்டத்தைப் பதிவு செய்ய ரங்கபூர் போனார். வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, உழுபவர்கள் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு எங்களுக்கு என்று கேட்ட போராட்டம் அது. நெல்லை நிலக்காரன் களத்துக்குக் கொண்டுபோகாமல் தங்கள் களத்துக்கே அறுத்துக் கொண்டுபோனார்கள். ஹோர் நாட்குறிப்பும் எழுதினார், வரையவும் செய்தார். பஞ்சத்தில் செத்துக் கிடந்த அதே ஜனம் மூன்றே வருஷத்தில் அரிவாளோடு எழுந்து நின்று கூட்டம் போடுவதை அவர் கண்ணால் பார்த்தார். அந்த மரச்செதுக்குகளில் முகங்கள் நிமிர்ந்திருக்கும். லாந்தர் வெளிச்சத்தில் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஏன் மரமும் லினோவும் என்று என் மாணவர்கள் கேட்பார்கள். மலிவு. ஒரு கட்டை, ஒரு உளி, கொஞ்சம் மை. ஒன்றைச் செதுக்கினால் நூறு தாள் எடுக்கலாம், எந்தக் கடைச் சுவரிலும் ஒட்டலாம். பிரஸ் வேண்டாம், சாப்பிடும் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே அச்சு விழும். சீனாவில் முப்பதுகளில் மரச்செதுக்கு இயக்கம் வளர்ந்ததும் இதனால்தான். அந்தப் படங்கள் வங்கம் வந்து சேர்ந்தன. ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் படங்களும் அப்படி வந்தவைதான்.

ஹோருடைய பின்னாளைய வேலைதான் எனக்கு மிகவும் நெருக்கம். எழுபதுகளில் 'காயங்கள்' என்று ஒரு வரிசை செய்தார். களிமண் அல்லது மெழுகுப் பலகையைக் கத்தியால் கீறுவார், சூட்டுக் கம்பியால் சுடுவார். அதிலிருந்து சிமென்டில் அச்சு எடுத்து, அந்த அச்சில் காகிதக் கூழை அழுத்திக் காய வைப்பார். மை கிடையாது. வெள்ளைத் தாளில் வெள்ளைக் காயம். அருங்காட்சியகத்தில் முதலில் பார்த்தபோது ஒன்றுமே இல்லையே என்று நினைத்து நகரப் போனேன். பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்ததும் வெளிச்சம் சாய்ந்து விழுந்து, தாள் முழுக்கப் புண்ணாகத் தெரிந்தது. அம்மைத் தழும்பு மாதிரி, சூடு போட்ட மாதிரி. முப்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்த பஞ்சம் அவர் கையை விட்டுப் போகவில்லை. ஆள் இல்லை, முகம் இல்லை, எலும்பு இல்லை. புண் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

டீச்சர், வரையலாமா என்ற கேள்விக்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் பதில்: வரைந்துவிட்டு எவ்வளவு நாள் அவர்களோடு இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஹோர் 2006-ல் சாகும்வரை அதைத்தான் செய்தார்.

#11 – போர்டு பிரஷ்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். சித்தபிரசாத் சுவரொட்டி எழுதியவர் என்று தெரிந்ததும் மனசு லேசானது. ஆனால் மரச்செதுக்கு சொல்வதில் ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. கூட இருந்தால்தான் வரையலாம் என்றால், கூடவே இருக்கிறவன் வரைய முடியாமல் போகிறதே அம்மா? ரோட்டில் கொரோனா படம் போட்ட அந்த மாதம், எதிர்வீட்டுத் தறிக்காரர் மகளின் வளையலை அடகு வைக்கப் போனதை நான் பார்த்தேன். துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கும்பிடப் போகிறவர் மாதிரி போனார். என் கண்ணில் அப்படியே நிற்கிறது. வரையவில்லை. என்னைப் போல அவர், அவரைப் போல நான். அவரை வரைந்தால் என்னையே வரைந்த மாதிரி இருக்கும், அதற்குத் தெம்பு வேண்டும். தெம்பு இல்லாதவனையும் கணக்கில் வையுங்கள்.

#12 – மரச்செதுக்கு

வைக்கிறேன் அண்ணா. நான் சொன்னது அரைகுறை. பஞ்சத்தில் செத்தவர்களில் குயவர், தச்சர், பாட்டுக்காரர் எத்தனை பேரோ. அவர்கள் கண்ணில் நின்றது எதுவும் தாளுக்கு வரவில்லை. நமக்குக் கிடைத்தது உயிரோடு மிஞ்சியவர்களின் படம் மட்டும்தான்.

அந்தத் துணிப்பையை எழுதிவிட்டீர்கள். இனி அது எனக்கும் தெரியும்.

#13 – ஆற்காட்டு ஜமா

பிரஷ் அண்ணே, எங்கள் ஜமாவுக்குப் பின்திரை பழசாகிவிட்டது. பிளக்ஸ் அடிக்கலாம் என்று ஊரில் சொல்கிறார்கள், அப்பா சம்மதிக்கவில்லை. துணியில் எழுதித் தருவீர்களா? பேசின கூலி கையில் தருவோம். தனிமடலில் என் எண் அனுப்புகிறேன்.

#14 – போர்டு பிரஷ்

அனுப்புங்கள் தம்பி. காடாத் துணி எத்தனை கெஜம் என்று அளந்து சொல்லுங்கள். பசை போட்டுக் காய வைக்கவே இரண்டு நாள் ஆகும்.

#15 – வரைகோல்

இரண்டு நாளாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

ஹூக்ளிக்கரை சார், பையன் குனிந்ததை நான் வரையவில்லை. பாட்டியை மட்டும்தான் வரைந்திருந்தேன். நோட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் அது உறைத்தது. என் படத்தில் பாட்டி தனியாக இருக்கிறார். அன்றைக்கு அவர் தனியாக இல்லை.

நேற்று சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். எடை போடுபவருக்கு முகம் அடையாளம் தெரியவில்லை. படத்தின் ஓரத்தில் கொஞ்சம் தெரிந்த சாக்கைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். ஓரத்தில் நீலச் சேலைத் துணி வைத்துத் தைத்த சாக்கு அது. பாட்டி இப்போது திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம், கண் சரியாகத் தெரியவில்லையாம். பெயரும் சொன்னார். அதை இங்கே போடவில்லை, படத்தின் கீழே எழுதிவிட்டேன். பையன் யாரென்று கடையில் யாருக்கும் நினைவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் அந்த நோட்டைக் காட்டப் போகிறேன். மாடியிலிருந்து வரைந்ததையும், மோர் கொடுக்காததையும் சேர்த்தே சொல்லிவிடப் போகிறேன். அப்புறம் பிள்ளைகளை லினோ செதுக்க வைக்கலாம் என்று ஆசை. நாற்பத்தொரு பேர், பள்ளியில் பணம் கிடையாது. மரச்செதுக்கு, வேறு என்ன பயன்படுத்தலாம்?

#16 – மரச்செதுக்கு

தரைக்கு விரிக்கும் ரெக்ஸின் விற்கிற கடையில் வெட்டு மிச்சம் கேளுங்கள், சும்மாவே தருவார்கள். பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்துப் பலகையில் ஒட்டினாலும் நன்றாக அச்சு விழும், உளியே வேண்டாம், கத்தரிக்கோல் போதும், சின்னப் பிள்ளைகள் கையும் பத்திரம். மையை மெல்லிசாக உருட்டுங்கள். கரண்டியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு தாள் வெளிறித்தான் வரும், மூன்றாவதிலிருந்து சரியாகிவிடும்.